முதுகில் விழுந்த வட்டம்

எனக்குப் பொறாமை அதிகம். அடுத்தவளின் சாறி என்னுடையதைவிடக் கொஞ்சம் கூட மினுங்கினாலே சோறு இறங்காது.

எங்கள் வீட்டிலேயே இருக்கும் என் கணவரின் தங்கை சுகந்திக்கு, பிரான்சிலிருந்து அவள் புருஷன் ஒரு சாறிச் சட்டை அனுப்பியிருந்தார். கடும் நீலம், முதுகில் சிரட்டை அளவில் வட்ட வெட்டு. எங்கள் ஊர் தர்மபுரம் முழுக்க அதே கதை. என் மனிதர் இத்தனை வருஷத்தில் எனக்கு வாங்கித் தந்தது ஒரு பிளாஸ்க். (அதுவும் அவருக்கு வயலுக்குத் தேத்தண்ணி கொண்டுபோக.)

சுகந்தி வவுனியாவுக்குப் போன ஒரு நாள் அவளின் அலுமாரியைத் திறந்தேன். மூச்சைப் பிடித்துக் கொளுக்கிகளை மாட்டி, கிளிநொச்சியில் ஒரு கலியாணத்துக்குப் போனேன். நல்ல வெயில், நல்ல வேர்வை. எங்கே தைத்தது என்று மூன்று பேர் கேட்டார்கள். "பிரான்ஸ்" என்றேன். அன்று மாலையே சட்டையைக் காயவைத்து, இருந்த மடிப்பிலேயே திரும்ப வைத்தேன்.

இரண்டாம் நாள் கழுத்தும் கக்கமும் முதுகும் சிவந்து எரிந்தன.

"அம்மாள் வந்திருக்கிறா, மச்சாள்" என்று சுகந்தி பயந்துபோய் வாசலில் வேப்பிலை கட்டினாள். பக்கத்திலிருந்து வேப்பிலையால் தடவியும் விட்டாள். குற்ற உணர்ச்சியில் நான் இன்னும் சிவந்தேன். நாலு நாளாகியும் ஒரு கொப்புளமும் வரவில்லை என்றதும், அவளே என்னை ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள்.

டொக்டர் ஒரு இளம் பொம்பிளைப் பிள்ளை. முதுகைப் பார்த்தா. "இது அம்மாள் இல்லை. சட்டை பட்ட இடம் மட்டும் சிவந்திருக்கு, நடுவிலை வட்டமா ஒரு இடம் சுத்தம். புது உடுப்பு ஏதும் போட்டனீங்களோ? கடும் நீலச் சாயம் சிலருக்கு ஒத்துவராது."

"இல்லை டொக்டர்."

சுகந்தி எட்டிப் பார்த்தாள். அந்த வட்டத்தைத் தெரியாதவளா அவள்?

"ஓம் டொக்டர், போட்டவா. என்ரை சட்டை."

அடுத்த தடவை, தன் சட்டையின் உள்மடிப்பில் ஒரு துண்டை வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தவளும் அவள்தான். எது ஒத்துவரவில்லை என்று பார்க்க, அதையும் வேறு சாயங்களையும் என் முதுகில் ஒட்டினார்கள். இரண்டு நாள் முதுகில் தண்ணீர் படக்கூடாது. கழற்றியபோது அந்தத் துண்டும் நீலச் சாயமும் இருந்த இடங்கள் தடித்திருந்தன.

"இப்ப எங்கை எரிச்சல் கூடுதலா இருக்கு?" என்றா டொக்டர்.

"வயித்திலை, டொக்டர்" என்றாள் சுகந்தி.

அதே சட்டையை அவள் இன்றும் போடுகிறாள், ஒரு சொறிகூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கலியாண வீடுகளில் நான் யாருடைய சாறியையாவது கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துவிட்டால், என் மனிதர் சபையிலேயே கேட்கிறார்: "என்னப்பா, முதுகோ, வயிறோ?"