ஷெட்டுக்கு இழுத்த லைன்

உலகத்தில் ஒரே ஒரு இடத்திலாவது நான் சொல்வது நடக்க வேண்டும். அந்த இடம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கார் ஷெட் என்று, தானே புயல் அடித்த அடுத்த கோடையில் முடிவு செய்தேன். அதைவிடச் சின்ன இடம் இருந்திருந்தால் அதையே கேட்டிருப்பேன். இல்லை.

ஷெட்டில் கார் கிடையாது. நான் ஓய்வு பெற்ற மாதமே விற்றுவிட்டோம். அதாவது, என் மனைவி ஜெயமேரி விற்றாள், நான் சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

ஓய்வு பெற்றவனுக்கு வீட்டில் இடம் கிடையாது. இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. மாலை போட்டு, சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால், நான் உட்காரும் இடமெல்லாம் ஜெயமேரி பெருக்க வேண்டிய இடமாகவே இருக்கிறது.

சனிக்கிழமை வந்தால் அதுவும் போச்சு. ஜெயமேரி எங்கள் செம்மண்டலத்து அன்பியத்தின் தலைவி. பங்குக் கோயிலைச் சேர்ந்த தெருக்காரர்கள் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபிப்பதற்குத்தான் அன்பியம் என்று பெயர். முறை வைத்து வீடு மாறும். புயலுக்குப் பிறகு பாதிப் பேர் வீட்டில் கூரை இல்லை. அதனால் முறை எங்கள் வீட்டிலேயே குடியேறிவிட்டது.

கடவுள் மேல் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. அவர் சத்தம் போடுவதில்லை. அவரைக் கூப்பிடுகிறவர்கள்தான் போடுகிறார்கள். முப்பது பெண்கள் ஹாலில் பாடும்போது நான் படுக்கையறையில் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு, இது என் அடக்கச் சடங்கு என்று நினைத்துக்கொள்வேன். அப்போதுதான் கொஞ்சம் நிம்மதி கிடைக்கும்.

ஷெட்டுக்கு வீட்டிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்று போயிருந்தது. புயலில் விழுந்த முருங்கைமரம் அதை அறுத்துவிட்டது. இதுதான் சமயம் என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"ஷெட்டுக்கு லைன் இழுக்கணும்."

"காரே இல்லாத ஷெட்டுக்கு எதுக்குங்க லைனு?"

"பாம்பு கீம்பு வரும். வெளிச்சம் வேணும்."

"பாம்புக்கா?"

"நமக்கு."

"நாம எதுக்கு அங்க போறோம்?"

வக்கீல் வீட்டில் பிறந்திருக்க வேண்டியவள். என் வீட்டில் வாழ்க்கைப்பட்டுவிட்டாள்.

"ஒரே ஒரு பல்புதான் ஜெயா."

"ஒரு பல்புன்னா சரி. எலக்ட்ரீஷியன் சபாபதியக் கூப்புடுங்க. நமக்குத் தெரிஞ்ச மனுஷன்."

அந்த வாரமே சிதம்பரத்தில் இருக்கும் எங்கள் மகள் நித்யா மேரி வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள். சமைத்துப் போட ஆளில்லை என்று ஜெயமேரி பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். மகளுக்குக் கை ஒடிந்ததில் சந்தோஷப்பட்ட தகப்பன் கடலூர் மாவட்டத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். வருத்தமும் பட்டேன். பஸ் கிளம்பும் வரைக்கும் பட்டேன்.

மறுநாள் காலையில் சபாபதி வந்தார். என் திட்டத்தைச் சொன்னேன். பழைய ஒயர் ஒரு பல்புக்கே முனகும். அது வேண்டாம். மெயின் போர்டிலிருந்து மண்ணுக்கடியில் பைப் போட்டுத் தடிமனான கேபிள். ஷெட்டுக்குத் தனி போர்டு, தனி ட்ரிப் சுவிட்ச், தனி எர்த்து. ஒரு ஃபேன், ஒரு டியூப் லைட், ஒரு கட்டில், ஒரு நான்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு இன்வெர்ட்டர். அந்த வருஷம் கரண்ட் என்பது வேண்டாத வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் மாதிரி. எப்போது வரும் என்று தெரியாது, வந்தாலும் உட்காராது.

"சார், இன்வெர்ட்டர வீட்டு லைன்ல குடுத்துட்டா ஹாலுக்கும் ஓடுமே," என்றார் சபாபதி.

"வேணாம். ஷெட்டுக்கு மட்டும் குடுங்க."

"வீடு இருட்டாக் கெடக்குமே சார்."

"கெடக்கட்டும். வீட்ல இருக்கறவங்க செபம் பண்ணிக்குவாங்க."

சபாபதி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். உள்ளே டவர் கிடைக்கவில்லை என்றார்.

அடுத்த நாள் கூரைக் குழாயில் நாலு கொக்கி மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு ஃபேனுதானே சொன்னேன்?"

"ஆஸ்பெஸ்டாஸ் கூரை சார். அனல் எறங்கும். ஒண்ணு பத்தாது."

நியாயமாகத்தான் இருந்தது. அப்புறம் டியூப் லைட்டும் நாலாயிற்று. வயசான கண்ணு சார் என்றார். முன்பக்கச் சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு பிளக் பாயிண்ட் வைத்தார். அது எதற்கு என்று கேட்டேன். எதுக்காவது ஒதவும் சார் என்றார். என் சௌகரியத்தைப் பற்றி இவ்வளவு யோசித்த மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. கண் கலங்கிவிட்டது. டீயோடு வடையும் வாங்கிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்தது. மத்தியானம் கட்டிலைப் போட்டுப் படுத்தேன். கரண்ட் போனது. தெருவே விசிறியைத் தேடியது. என் ஃபேன் சுற்றியது. ஓய்வு பெற்ற பிறகு நான் நிம்மதியாகத் தூங்கிய முதல் தூக்கம் அது. கடைசியும் அதுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் ஜெயமேரி வந்து இறங்கினாள். அவளுக்குப் பின்னால் சுருட்டிய ஜமக்காளங்களோடு அன்பியத்துப் பெண்கள். அவர்களுக்கு நடுவே பங்குச் சாமியார் மரிய அருள், கையில் தீர்த்தச் செம்போடு.

"சாமிக்குத் தோத்திரம் சொல்லுங்க," என்றாள்.

"தோத்திரம் சாமி. என்ன விசேஷம்?"

"ஷெட்ட மந்திரிக்க வந்திருக்காங்க."

சாமியார் நாலு மூலைக்கும் தீர்த்தம் தெளித்தார். என் கட்டிலுக்கும் தெளித்தார். அது காய்வதற்குள் இரண்டு பெண்கள் கட்டிலை வெளியே தூக்கி வைத்தார்கள். முழங்கால் உயரத்துப் பிளக்கில் மைக் செட்டைச் சொருகினார்கள்.

"அன்பியத்துக்குன்னே செபாஸ்டின் இதச் செஞ்சு குடுத்திருக்காரு," என்றார் சாமியார். "நாளைக்குப் பூசையிலயும் சொல்றேன்."

முப்பது பேரும் திரும்பி என்னை நன்றியோடு பார்த்தார்கள். உங்களிடமிருந்து தப்பிக்கத்தான் இதைக் கட்டினேன் என்று அந்த முகங்களைப் பார்த்துச் சொல்ல யாரால் முடியும்? கை கூப்பினேன். பிறகு ஜெயமேரியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"உனக்கு எப்புடித் தெரியும்?"

"சபாபதி தெனமும் போன் பண்ணாரே. வீட்டுக்காரம்மா சொல்லாம அவரு ஒரு ஆணிகூட அடிக்க மாட்டாரு. சார் ஒரு ஃபேனு கேக்கறாரும்மான்னாரு. கூட்டத்துக்கு நாலு வேணும்னேன்."

"இன்வெர்ட்டரு?"

"வீட்டுக்கு வேணாம், ஷெட்டுக்கு மட்டும் போதும்னீங்களாமே. சாமிகிட்ட அதையுஞ் சொன்னேன். தான் இருட்டுல கெடந்தாலும் ஜனங்களுக்கு வெளிச்சம் இருக்கணும்னு நெனைக்கிறாரு சாமின்னு."

அவள் சிரிக்கவே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

போகட்டும், ஹாலாவது காலியாயிற்றே என்று மனசைத் தேற்றிக்கொண்டு வீட்டுக்குள் போனேன். சோபாவில் காலை நீட்டினேன். ரிமோட்டை எடுத்தேன். கரண்ட் போனது.

புழுக்கம். கொசு. சமையலறை ஜன்னல் வழியே பார்த்தால் ஷெட் கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது. என் லைட்டுகள். என் ஃபேன்கள். இதுவரை தொண்டையில் மட்டும் பாடியவர்கள் இப்போது மைக்கில் பாடினார்கள். கொஞ்ச நேரம் மானத்தோடு உட்கார்ந்திருந்தேன். கொசுவுக்கு மானம் ருசிக்கவில்லை, என்னைத்தான் கடித்தது. எழுந்து போய் ஷெட் வாசலோரம் கடைசியாக உட்கார்ந்தேன்.

"அடுத்த மன்றாட்ட, இந்த எடத்தக் குடுத்தவரே சொல்லுவாரு," என்று ஜெயமேரி மைக்கை என்னிடம் நீட்டினாள்.

எனக்கு வேண்டிக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கரண்ட் வந்தால் வீட்டுக்கு ஓடிவிடலாம்.

"ஆண்டவரே, சீக்கிரம் கரண்ட் வரணும்," என்றேன்.

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்," என்றார்கள் எல்லோரும்.

வீட்டு ஹாலில் விளக்கு எரிந்தது. தெருவிளக்கும் எரிந்தது. ஒரு அம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இனிமே சனிக்கிழமை சாயங்காலம் எங்கயும் போயிடாதீங்க," என்றாள் ஜெயமேரி. "உங்கள நம்பித்தான் தெருவுக்கே கரண்டு."