பழைய டிரைவர் என்னிடமே இருக்கட்டும்

மரியாதைக்குரிய நாத்தனார் அக்கா அவர்களுக்கு,

உங்கள் தம்பி மனைவி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம், வீடு நலம், மாடியில் வைத்த செடிகள் நலம். உங்கள் தம்பியும் இடது விலாவைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் நலம். அங்கே உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது, அண்ணன் புதுப் பல்செட்டை வாயில் போட்டுக்கொள்கிறாரா, இன்னும் டம்ளரில்தான் வைத்திருக்கிறாரா என்று எழுதவும்.

நேற்று நீங்கள் போனில் கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் இருந்தேன். பயந்து அல்ல. "என் தம்பி பொருள எடுத்து வச்சுக்கிட்டு, அவனையே நாலு பேர் முன்னால தலைகுனிய வச்சிட்டியாமே" என்று கேட்டீர்கள். போனில் பதில் சொன்னால் பாதியில் நீங்கள் புகுந்துவிடுவீர்கள், கடிதத்தில் அப்படிப் புக முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அக்கா, இது மன்னிப்புக் கடிதம் இல்லை. நான் கொஞ்சம் பெருமையில் இருக்கிறேன். கொஞ்சம் என்றது மரியாதைக்கு.

உங்கள் தம்பி வேலை பார்க்கும் பம்ப் தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு சின்ன கோல்ஃப் மைதானம் உண்டு. போன தடவை வந்தபோது "இவ்வளவு இடத்தையும் சும்மா போட்டு வச்சிருக்காங்களே" என்று வருத்தப்பட்டீர்களே, அதுதான். அந்த விளையாட்டில் முதல் அடிக்கு, பந்தை ஓர் ஆணி மாதிரியான குச்சியின் மேல் உட்காரவைத்து, பெரிய தலை உள்ள நீளமான மட்டையால் வீச வேண்டும். அந்த மட்டைக்கு டிரைவர் என்று பெயர். இந்தப் பெயரால் முதலில் வந்த வினையைக் கேளுங்கள். ஒரு சாயங்காலம் ஆஸ்பத்திரியில் என் வேலை முடிந்து இருவரும் காரில் வந்துகொண்டிருந்தபோது, உங்கள் தம்பி போனில் யாரிடமோ, "பழைய டிரைவர் இனிமே வேலைக்கு ஆகாது, வயசாயிடுச்சு, தலையில கீறல் வேற, புதுசு ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்" என்று சாவகாசமாகப் பேசினார். முன் சீட்டில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர் போன வருஷம்தான் படியில் விழுந்து நெற்றியில் தையல் போட்டவர். மறுநாள் காலையில் அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் மை பூசிய மீசையுமாக வந்து நின்றார். வேகத்தடை வருவதற்கு ஒரு தெரு முன்னாலேயே பிரேக் போட்டார். ஆஸ்பத்திரி வாசலில் என்னை இறக்கிவிட்டு, "அம்மா, எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது" என்று தாமாகவே சொல்லி, எதிர்வரிசைக் கடைப் பலகைகளை ஒன்று விடாமல் படித்துக் காட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. விஷயம் பிடிபட்டதும் டிக்கியைத் திறந்து மட்டையை எடுத்துக் காட்டி, இதுதான் அந்த டிரைவர் என்று விளக்கினேன். அதைத் தடவிப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். மீசைக்கு மட்டும் இன்றுவரை மை பூசிக்கொண்டுதான் வருகிறார், அது பிடித்துவிட்டது போலிருக்கிறது.

இப்போது நீங்கள் கேட்க நினைப்பது, நன்றாக இருந்த மட்டையை ஏன் மாற்றினார் என்பது. காரணம் சிவப்புத் தொப்பி. தொழிற்சாலைக் கணக்குப் பிரிவின் தலைவருக்கு மைதானத்தில் அதுதான் பெயர், மழையானாலும் வெயிலானாலும் அந்தத் தொப்பியைக் கழற்ற மாட்டார். உங்கள் தம்பி அடித்து முடித்ததும் அந்த மனுஷன் வந்து அடிப்பார். பந்து உங்கள் தம்பியின் பந்தைத் தாண்டி உருண்டு போய் நிற்கும். அது போனால் போகட்டும். நடந்து போகும் வழியில் உங்கள் தம்பியின் பந்தைப் பார்த்து, "இது யாருது, உங்களுதா? பரவாயில்லையே, நேரா வந்திருக்கே" என்பார். அந்தப் "பரவாயில்லையே"யைத்தான் உங்கள் தம்பியால் தாங்க முடியவில்லை. சாப்பிடும்போது திடீரென்று தட்டைப் பார்த்து "பரவாயில்லையாம்" என்பார். நான் ரசத்தைச் சொல்கிறார் என்று நினைத்து, அப்படியானால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வாரம் சமையலறைப் பக்கம் போகாமல் இருந்தேன்.

அதன் பிறகு ஒரு நாள் விளையாட்டுச் சாமான் கடைக்கு என்னையும் கூட்டிப்போனார். உள்ளே வலை கட்டி, சுவரில் பெரிய திரை வைத்திருந்தார்கள். வலைக்குள் பந்தை அடித்தால் திரையில் அது பச்சைப் புல்வெளிக்கு மேல் பறக்கிறது. விற்பனைக்கார இளைஞர் பழைய மட்டையைக் கையில் வாங்கி, வீட்டுக்காரர் இறந்துபோன வீட்டில் பேசுவது போல் குரலைத் தாழ்த்தி, "சார், உங்க பலத்துக்கு இது தாங்காது" என்றார். அக்கா, உங்கள் தம்பியின் பலத்தைப் பற்றி ஊறுகாய் பாட்டில் மூடியிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்லும். ஆனால் அந்த வார்த்தை கேட்டதும் அவர் வயிற்றை உள்ளே இழுத்த இழுப்பில் பெல்ட் ஒரு பக்கமாகச் சரிந்தது. புது மட்டையால் அடித்தார். திரையில் பந்து மேகத்துக்குள் போய், மலையைத் தாண்டி, ஏரியைத் தாண்டி இறங்கியது. உண்மையில் அது அவர் காலிலிருந்து கொஞ்ச தூரத்தில் வலைக்குக் கீழே கிடந்தது. நான் அதைச் சுட்டிக்காட்டினேன். இரண்டு பேருமே என்னைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மட்டைக்கு சோபாவில் இடம், எனக்கு நாற்காலி. முதல் நாள் மைதானத்தில் அது எழுப்பிய சத்தம் எவர்சில்வர் அண்டாவை மாடிப்படியில் உருட்டிவிட்ட மாதிரி இருந்தது. பக்கத்தில் வேறொரு குழிக்குப் பந்தடித்துக்கொண்டிருந்தவர்கள் குனிந்துகொண்டார்கள், குனிந்ததும் நல்லதாகப் போயிற்று. இரண்டாவது பந்து கிளப் சமையலறை ஜன்னல் வழியாகப் போய் மாவுப் பாத்திரத்தில் விழுந்தது. சமையல்காரர் அதைக் கழுவி, ஒரு தட்டில் வைத்து, மரியாதையாகக் கொண்டுவந்து கொடுத்தார். மட்டையின் கழுத்தில் ஒரு திருகாணி இருக்கிறது, அதை ஒரு சின்னச் சாவியால் திருப்பினால் பந்து போகும் திசை மாறுமாம். தினமும் சாயங்காலம் அதைத் திருப்புவார். வலப்பக்கம் போன பந்து மறுநாள் இடப்பக்கம் போகும். காற்றைக் குறை சொன்னார், செருப்பை மாற்றினார், பந்தை மாற்றினார், கடைசியில் என் மேல் வந்தார். "நீ பின்னால நின்னு மூச்சு விடுறது எனக்குக் கேக்குது" என்றார். நான் மூச்சை அடக்கிக்கொண்டும் நின்று பார்த்தேன். பந்து குளத்தில் விழுந்தது.

பிறகுதான் ஹாலில் வெறும் வீச்சுப் பழகுகிறேன் என்று கிளம்பி, விளக்கை உடைத்து, விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை என்பதால் நானே எடுத்தேன். "மூச்சை நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க, அசையாதீங்க" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்னதைச் சொன்னபடி அவர் செய்தது அன்றைக்குத்தான். படத்தை வீட்டுச் சுவரில் மாட்டலாமா என்றுகூட யோசித்தேன். எலும்பு முறியவில்லை, சதை பிடித்துக்கொண்டதுதான், நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

இதற்கு நடுவில் பழைய டிரைவர் சலவை இயந்திரத்துக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது. எனக்கு வேண்டுமென்று கேட்டேன். இத்தனை வருஷமும் நான் அவரோடு மைதானத்தில் நடந்திருக்கிறேன், சின்ன மட்டைகளால் அடித்தும் இருக்கிறேன், டிரைவரை மட்டும் தொட விட்டதில்லை, "உனக்குக் கனம்" என்பார். நோயாளியைப் படுக்கையிலிருந்து எக்ஸ்ரே மேஜைக்குத் தூக்கி மாற்றுகிறவளுக்கு அது கனமாம். இப்போது மட்டும், "எடுத்துக்க, ஒட்டடை அடிக்க உதவும்" என்றார். நானும் ஒட்டடைதான் அடித்தேன், ஒரே ஒரு நாள். அடுத்த விடுமுறைக் காலையில் மைதானத்துக்குக் கொண்டுபோனேன். முதலில் புல்லைத்தான் அடித்தேன், பிறகு காற்றை அடித்தேன், அப்புறம் ஒரு பந்து பட்டது பாருங்கள் அக்கா. சத்தமே பெரிதாக இல்லை, கதவைப் பதமாகச் சாத்தினால் கேட்குமே, அவ்வளவுதான். கையில் ஒரு அதிர்வும் இல்லை. பந்து மட்டும் போய்க்கொண்டே இருந்தது. சுற்றிலும் யாராவது பார்த்தார்களா என்று தேடினேன். ஒரு மாடுகூட இல்லை. அன்றிலிருந்து விடுமுறை கிடைத்த போதெல்லாம் போனேன். உங்கள் தம்பி கேட்டபோது நடைப்பயிற்சி என்றேன், பந்தை எடுக்க நடக்கத்தானே வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை கிளப்பின் வருடாந்தப் போட்டி. கடைசியாக, யார் பந்தை அதிக தூரம் அடிக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். எல்லோரும் குடும்பத்தோடு வந்து நிற்கும் நேரம் அது. சிவப்புத் தொப்பி அடித்துவிட்டு, பந்து நின்ற இடத்தில் கொடி நட்ட பிறகு, உங்கள் தம்பி விலாவில் பட்டை கட்டிக்கொண்டு புது மட்டையோடு போனார். போக வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. ஓங்கி அடித்தார். பந்து பக்கவாட்டில் சீறிப்போய்த் தண்ணீர்த் தொட்டியின் சுவரில் மோதி, வந்த வேகத்திலேயே திரும்பி, அவர் நின்ற இடத்துக்குப் பின்னால் வந்து நின்றது. போட்டியை நடத்திய தொழிற்சாலை டாக்டரம்மாவுக்கு இதை முன்னால் எழுதுவதா, பின்னால் எழுதுவதா என்று தெரியவில்லை. அதனால் ஒன்றும் எழுதாமல் மைக்கில், "பெண்கள் யாராவது அடிக்கிறீங்களா?" என்று கேட்டார்கள். வருஷா வருஷம் மரியாதைக்குக் கேட்பது அது, நாங்களும் வருஷா வருஷம் சிரித்துக்கொண்டு ஜூஸ் டம்ளரைப் பார்ப்போம்.

இந்த வருஷம் நான் கையைத் தூக்கினேன்.

பையிலிருந்து பழைய மட்டையை எடுத்தபோது உங்கள் தம்பி பக்கத்தில் வந்து மெதுவாக, "அது என்னோடதுல்ல?" என்றார்.

"ஒட்டடை அடிக்கக் குடுத்தீங்களே, அதுதான்" என்றேன்.

அக்கா, மனசைத் திறந்து சொல்கிறேன், மட்டையைத் திரும்பப் பையிலேயே வைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். புடவையைச் செருகிக்கொண்டு நின்றபோது, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேரின் நுரையீரலை நான் படம் பிடித்திருக்கிறேன் என்பது ஞாபகம் வந்தது. உள்ளே பார்த்துவிட்ட பிறகு வெளியே பார்த்துப் பயப்பட என்ன இருக்கிறது என்று தோன்றியது. வீசினேன். கதவு சாத்துகிற அதே சத்தம். பந்து கொடிக்கு முன்னால் விழுந்தது, எழுந்தது, கொடியைத் தாண்டி உருண்டது, இன்னும் உருண்டது. கூட்டத்தில் ஒரே கைத்தட்டல். டாக்டரம்மா மைக்கை மறந்துவிட்டு விசில் அடித்தார்கள். நம் கார் டிரைவர் வாகனம் நிறுத்துமிடத்திலிருந்து ஹாரனை அழுத்தியவர் கையை எடுக்கவே இல்லை.

இதுவரை நடந்ததை உங்கள் தம்பி உங்களிடம் சொல்லியிருப்பார். அடுத்து நடந்ததைச் சொல்லியிருக்க மாட்டார், அதனால் நான் சொல்கிறேன். சிவப்புத் தொப்பி எங்கள் பக்கம் வந்து, "பரவாயில்லையே, நல்ல காத்து அடிச்சுது" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் தம்பி குறுக்கே வந்தார். விலாவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார், குரலை உயர்த்தவும் இல்லை. "காத்து எல்லாருக்கும்தான் அடிச்சுது சார். இது அவ அடிச்சது" என்றார். அவ்வளவுதான். அந்த மனுஷன் முதல்முறையாகத் தொப்பியைக் கழற்றினார். உள்ளே முடி இல்லை என்பது வேறு விஷயம். எனக்குக் கோப்பை கொடுத்தார்கள், ஆனால் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தது அந்த ஒரு வார்த்தையைத்தான். அதனால் தலைகுனிந்தார் என்று நீங்கள் சொன்னதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அன்றைக்கு அந்த மைதானத்திலேயே நிமிர்ந்து நின்றவர் உங்கள் தம்பிதான்.

வீட்டுக்கு வந்ததும், "அந்தப் பழச கொஞ்சம் குடேன், நாளைக்கு அடிச்சுப் பாக்குறேன்" என்று கேட்டார். முடியாது என்றேன். அதற்குத்தான் உங்களுக்குப் போன் போட்டிருக்கிறார். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். கைக்குப் பழகியதை விட்டுப் புதுசின் பளபளப்புக்கு ஓடுகிறவர்கள் அதன் பலனையும் அனுபவிக்கட்டும். பழைய டிரைவரை நான் யாருக்கும் தருவதாக இல்லை, வாழ்நாளில் வேறு மட்டையைத் தொடுவதாகவும் இல்லை. இதை நீங்களே மூத்தவராக அவரிடம் எடுத்துச் சொல்லிவிட வேண்டும்.

அண்ணனுக்கு என் வணக்கம், அவர் பல்லுக்கும்தான். பிள்ளைகளுக்கு என் அன்பு. உங்கள் முழங்கால் சீக்கிரம் படி ஏற வேண்டும், ஏறியதும் முதலில் எங்கள் மாடிக்கு வர வேண்டும். கோப்பையைக் காட்டுகிறேன்.

உங்கள் ஆசியை வேண்டும்,
தம்பி மனைவி

பி.கு.: உறையை ஒட்டிவிட்டுத் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். இன்று காலை உங்கள் தம்பி ஆபீஸ் கூட்டத்துக்குப் போயிருந்தார். புது மட்டை சும்மா கிடக்கிறதே, அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க மைதானத்துக்கு எடுத்துப் போனேன். திருகாணியை நான் தொடவில்லை, அவர் கடைசியாக எங்கே விட்டாரோ அங்கேயேதான் இருந்தது. அடித்தேன். பந்தைக் காணோம். நான் வழக்கமான இடத்தில் தேடிக்கொண்டிருந்தபோது தூரத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "அம்மா, அங்க இல்ல, என்னையும் தாண்டிப் போயிடுச்சு" என்று கை காட்டினார். அக்கா, நிதானமாக யோசித்துப் பார்த்தால் நீங்கள் போனில் சொன்னதுதான் நியாயம். தம்பி பொருள் தம்பியிடம்தான் இருக்க வேண்டும். பழைய டிரைவரை நன்றாகத் துடைத்து அவர் பையில் வைத்துவிட்டேன். புது மட்டை அவர் விலாவுக்கு ஆகாது, அதை இனித் தொடக் கூடாது என்று இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.