பேச்சு எட்டாத ஆழம்

லிஃப்ட்காரர் அந்த வருஷம் கடற்கரைக்குக் கிளம்பும்போது பெட்டியில் துணிமணியோடு ஒரு சபதத்தையும் மடித்து வைத்துக்கொண்டார். ஊர் திரும்புவதற்குள் ஒரு மணி நேரமாவது, யார் பேச்சும் காதில் விழாத இடத்தில் இருந்துவிட வேண்டும். ரொம்பப் பெரிய ஆசை இல்லை. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் மிச்சம் இருந்த ஆசை அது ஒன்றுதான். மற்றதெல்லாம் அவரைக் கேட்காமலே விட்டுப் போய்விட்டன.

லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் வேலை. ஏதாவது ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் நின்று கம்பிவடத்துக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருப்பார். நடு மாடியில் மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டித் தட்டித் திட்டுவார்கள். அது அவருக்குத் தாலாட்டு மாதிரி. ஏனென்றால் அவர்கள் ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான் திட்டுவார்கள். லிஃப்ட் ஓடியதும் நிறுத்திவிடுவார்கள்.

வீட்டில் அந்த வசதி கிடையாது.

மனைவி டீச்சர். காது கேளாத குழந்தைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் வேலை. அங்கே நாள் முழுக்கக் கையாலேயே பேசுவாள். பள்ளிக்கூடத்தில் மிச்சம் பிடித்த வாயை எல்லாம் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள். போனில் அக்காவிடம் வாய் பேசிக்கொண்டிருக்கும்போதே, கை இவர் பக்கம் திரும்பி, "அடுப்பை அணைங்க, சட்டையை மாத்துங்க, மூஞ்சியை ஏன் அப்படி வெச்சிருக்கீங்க" என்று கேட்கும். ஒரே நேரத்தில் இரண்டு பேரோடு இரண்டு சண்டை போடக்கூடிய ஆள் அவருக்குத் தெரிந்து அவள் ஒருத்திதான். அந்தக் கைப் பாஷையைப் படிக்க அவர் கற்றுக்கொண்டிருந்தார். பதில் சொல்லக் கற்றுக்கொள்ளவில்லை. தேவைப்பட்டதில்லை.

கூட வந்தவர்கள் இன்னும் இரண்டு பேர். காதிலிருந்து இயர்போனைக் கழற்றாத மகள். புண்ணியம் செய்தவள். அப்புறம் மாமனார், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். "ம்" என்பார். விஷயம் முற்றினால் "ம்ம்" என்பார். லிஃப்ட்காரருக்கு அவர்மேல் அளவில்லாத மரியாதை.

முதல் நாள் சாயங்காலம் எல்லோரும் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் அலையைப் பற்றிப் பேசினாள். அலை போதவில்லை என்றாள். மணல் அதிகம் என்றாள். லிஃப்ட்காரர் காலார நடந்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்தார். நூறு அடி தள்ளி ஒரு தகரக் கொட்டகை. வாசலில் காற்று சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. உள்ளே ஆழ்கடல் முங்கக் கற்றுத்தரும் பயிற்சியாளர் ரப்பர் உடுப்புகளை அலசிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"கீழ போனா என்ன இருக்கும்?" என்று கேட்டார் லிஃப்ட்காரர்.

"மீன் இருக்கும் சார். பவளப்பாறை இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தா ஆமை வரும்."

"அது கிடக்கட்டும். என்ன கேட்கும்?"

"ஒண்ணும் கேட்காது சார். நீங்க மூச்சு விடற சத்தம்தான்."

"கூட வர்றவங்க பேசினா?"

"எப்படிப் பேசுவாங்க? வாயில குழாயைக் கவ்விக்கிட்டு இருப்பாங்களே."

"எல்லாருக்கும் குழாய் உண்டா?"

"இல்லேன்னா செத்துருவாங்க சார்."

லிஃப்ட்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த உலகத்தில் முக்கால் பங்கு தண்ணீர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று இப்போதுதான் புரிந்தது. முதல் நாள் நீச்சல்குளத்தில் பயிற்சி, மறுநாள் கடல் என்றார் பயிற்சியாளர். அங்கேயே பெயரைப் பதிந்துவிட்டார்.

இதை மனைவியிடம் சொல்ல முடியாது. சொன்னால் ஏன் என்பாள். ஏன் என்று சொன்னால் அப்புறம் அவர் தண்ணீருக்குள்ளேயேதான் குடியிருக்க வேண்டும். அதனால் கைவசம் இருந்த பொய்யை எடுத்தார்.

"கம்பெனியிலேர்ந்து போன். இந்த ரோட்டுக் கோடியில ஒரு பெரிய ஹோட்டலாம். லிஃப்ட் நின்னுபோச்சாம். ரெண்டு நாள் காலையில போய் எட்டிப் பார்க்கணும்."

"லீவுக்கு வந்த இடத்துலயும் லிஃப்டா?"

"என்ன பண்றது. ஒம்பது மாடி. வயசானவங்க எல்லாம் ஏறி இறங்க முடியாமத் தவிக்கறாங்களாம்."

"ஒம்பது மாடியா?"

"ஒம்பது."

டீச்சர் அவரை ஒரு கணம் பார்த்தாள். "பாவம்" என்றாள். யாரைச் சொன்னாள் என்று அவர் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

மறுநாள் நீச்சல்குளத்தில் முக்குளித்துவிட்டு மத்தியானம் திரும்பினார். வாசலிலேயே பிடித்தாள்.

"தலை ஏன் ஈரமா இருக்கு?"

"வேர்வை. லிஃப்ட் குழிக்குள்ள காத்தே இல்ல."

"கண்ணைச் சுத்தி என்ன சிவப்பா, வட்டமா?"

"அது... வெல்டிங் கண்ணாடி போட்டிருந்தேன்."

"மூக்கையும் சேர்த்தா?"

"புது மாடல்."

"சரிதான்" என்றாள் டீச்சர். அதோடு விட்டுவிட்டாள். மூன்று கேள்வியோடு அவள் விட்டதில்லை என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் அவருக்கு அன்று காதில் தண்ணீர் அடைத்திருந்தது. அதையே பெரிய வரமாக நினைத்துப் போய்ப் படுத்துவிட்டார். தூங்கி எழுந்தபோது மனைவி அறையில் இல்லை. "அம்மா எங்கே?" என்று மகளிடம் சைகையில் கேட்டார். அவள் தோளைக் குலுக்கினாள். மாமனாரைக் கேட்டார். "ம்" என்றார்.

மூன்றாம் நாள் காலை படகு கிளம்பியது. கொட்டகையிலேயே எல்லோருடைய கைப்பேசியையும் வாங்கி ஒரு டப்பாவில் போட்டுப் பூட்டினார்கள். லிஃப்ட்காரர் தன்னுடையதைக் கொடுத்தபோது தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. படகில் ஏழெட்டுப் பேர். எல்லோருக்கும் ஒரே கறுப்பு ரப்பர் உடுப்பு, தலையை மூடிய குல்லாய். ஒருவரையும் அடையாளம் தெரியவில்லை. எல்லோரும் பார்ப்பதற்கு அவரைப் போலவே, வாழ்க்கையில் நனைந்து போனவர்களாக இருந்தார்கள்.

"கீழ தனியாப் போகக் கூடாது. ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஜோடி உண்டு" என்றார் பயிற்சியாளர். "உங்க காத்து சரியா இருக்கான்னு அவங்க பார்ப்பாங்க. அவங்களோடதை நீங்க பார்க்கணும். சார், உங்க ஜோடி அந்தப் பக்கம் முன்னாடியே இறங்கியாச்சு. நீங்களும் இறங்குங்க."

இறங்கினார். தலைக்கு மேலே கடல் மூடிக்கொண்டது.

அவர் ஆயுசிலேயே அப்படி ஒரு நிம்மதியை அனுபவித்ததில்லை. படகு எஞ்சின் சத்தம் எங்கோ போய்விட்டது. மஞ்சள் மீன்கள் கூட்டமாக வந்து, முகத்துக்கு நேரே நின்று, வாயைத் திறந்து திறந்து மூடின. சத்தம் வரவில்லை. கடவுள் உலகத்தைச் சரியாகத்தான் படைக்க ஆரம்பித்திருக்கிறார், கரைக்கு ஏறிய பிறகுதான் எங்கேயோ தவறிவிட்டது என்று நினைத்தார். கையைக் காலை விரித்துக்கொண்டு பவளப்பாறைக்கு மேலே அப்படியே மிதந்தார்.

தோளில் யாரோ தட்டினார்கள்.

திரும்பினார். ஜோடி. கறுப்பு உடுப்பு, வாயில் குழாய். கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்கள். அந்தக் கண்களை அவருக்குத் தெரியும். அலாரத்துக்கு முன்னால் தினமும் அவரை எழுப்புகிற கண்கள்.

பிறகு கை பேச ஆரம்பித்தது.

கைப்பேசியைக் கரையில் பூட்டிவிட்டு வந்திருந்தார். கைப்பேசி கடலுக்குள் வந்துவிட்டது.

"லிஃப்ட் நல்லா ஓடுதா?" என்று கேட்டது கை. "இதான் ஒம்பதாவது மாடியா? இந்த ஊர்ல ரெண்டு மாடிக்கு மேல ஒரு கட்டடம் கிடையாது. ரோடு முழுக்க நடந்து பார்த்துட்டேன். பொய் சொல்றவர் ஒரு மாடி, ரெண்டு மாடின்னு சொல்லக் கூடாதா?"

லிஃப்ட்காரர் மேலே பார்த்தார். தண்ணீர். கீழே பார்த்தார். பாறை. அவள் பேச்சிலிருந்து தப்ப வீட்டில் அவரிடம் இருந்த உபாயம் ஒன்றுதான், அடுத்த அறைக்குப் போய்விடுவது. கடலில் அடுத்த அறை இல்லை. கண்ணை மூடினார். தோளில் தட்டினாள்.

"நேத்து சாயங்காலம் நானும் குளத்துல கத்துக்கிட்டேன். அந்தத் தம்பி சொல்லுது, ஒருத்தர் வந்து, கீழ யாரும் பேச மாட்டாங்களேன்னு ஆசையாக் கேட்டாராம். நான் பேசறது அவ்வளவு கசக்குதா?"

அவர் இல்லை என்று தலையாட்டினார். தண்ணீருக்குள் அது ஆமாம் மாதிரியும் இருந்தது.

அவள் கை நிற்கவில்லை. ஒரு சொல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூச்சு வாங்க வேண்டிய அவசியம்கூட அங்கே இல்லை. சிலிண்டர் பார்த்துக்கொண்டது. மகளின் கணக்கு மார்க் வந்தது. அவர் மூன்று வருஷமாகக் கட்டுகிறேன் என்று சொல்லி வாங்கி வைத்த குளியலறைத் திரை வந்தது. அவருடைய தங்கை கல்யாணத்தில் அவளைப் பந்தியில் கூப்பிட மறந்தது வந்தது. மஞ்சள் மீன்கள் அவளுக்குப் பின்னால் வரிசை கட்டி நின்று கவனித்தன.

நடுவில் கை ஒரு நிமிஷம் தயங்கியது. பிறகு மெதுவாகச் சொன்னது: "நீங்க ஒண்ணுமே சொல்றதில்லையே. அதான் உங்க பங்கையும் சேர்த்து நானே பேச வேண்டியிருக்கு."

இதற்கு மட்டும் ஏதாவது பதில் சொல்ல வேண்டும் என்று அவருக்கு நிஜமாகவே தோன்றியது. என்ன சைகை என்று தெரியவில்லை. கையைத் தூக்கினார். கைக்கு வந்த ஒரே சைகையைக் காட்டினார். கட்டைவிரலை உயர்த்தி, சரி என்றார்.

அடுத்த நொடி பின்னாலிருந்து பயிற்சியாளர் பாய்ந்து வந்து அவர் உடுப்பைப் பிடித்தார். அவரை மெல்ல மெல்ல மேலே கொண்டுபோனார். தலை தண்ணீரை விட்டு வெளியே வந்தது.

"என்ன சார், முடியலையா? நெஞ்சு வலியா?"

"நான் நல்லாத்தானே இருந்தேன்."

"கட்டைவிரலைக் காட்டினீங்களே. அதுக்கு மேல கூட்டிட்டுப் போன்னு அர்த்தம் சார். சரின்னு சொல்ல விரலை வட்டமாச் சேர்க்கணும். நேத்து முழுக்க அதைத்தானே சொல்லிக்குடுத்தேன்."

நேற்று அவர் காதில் தண்ணீர் அடைத்திருந்தது.

அவரைப் படகில் ஏற்றி, துண்டைப் போர்த்தி உட்காரவைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் கால் மணிகூட ஆகியிருக்காது. டீச்சர் மேலே வரவில்லை. அவளுக்கு வேறு ஜோடி கொடுத்துவிட்டார்கள். ஆமை வந்ததாம். அவள் பார்த்தாள்.

கரைக்குத் திரும்பும்போது பயிற்சியாளர் அவளிடம் வாயெல்லாம் பல்லாக நின்றார். "மேடம், நாங்க பத்துப் பதினஞ்சு சைகையை வெச்சிக்கிட்டு காலம் தள்ளறோம். நீங்க ஒரு சரித்திரமே சொன்னீங்க. நாளைக்கு இன்னும் ஆழமான இடத்துக்குப் போறோம். நீங்க அவசியம் வரணும். சார் வர வேண்டாம். அவருக்குப் பயமா இருக்கு, பாவம்."

லிஃப்ட்காரர் துண்டுக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தார். வாழ்க்கையில் எல்லாக் கதவும் சாத்திவிட்டது என்று தோன்றியது. கடைசிக் கதவு கடலில் இருந்தது. அதையும் அவரே ஒற்றை விரலால் சாத்திவிட்டார்.

சட்டென்று ஒரு விஷயம் பொறி தட்டியது. அவள் நாளைக்குக் கடலுக்குள் போவாள். அப்படியென்றால் கரையில் யார் பேசுவது?

"நீ கண்டிப்பாப் போகணும்" என்றார் குரல் தழுதழுக்க. "இந்த மாதிரி வாய்ப்பு எல்லாருக்கும் கிடைக்காது. நான் கரையிலேயே உட்கார்ந்திருக்கேன். எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்ல. ஆழமாவே போய்ட்டு வா."

"உங்களுக்குத் தனியா கஷ்டமா இருக்காதா?"

"உனக்காகத் தாங்கிக்கறேன்."

அவள் அவரைப் பார்த்த பார்வையில் அன்பு இருந்தது. அதுதான் அவரை ஏமாற்றிவிட்டது.

மறுநாள் காலை படகு புள்ளியாகத் தேய்ந்து மறையும் வரை கையசைத்தார். மகள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். மணலில் சாய்வு நாற்காலியைப் போட்டார். காலை நீட்டினார். கண்ணை மூடினார். அலை வந்தது, போனது. அவருடைய மூச்சு அவருக்கே கேட்டது. பேரின்பம் என்பார்களே, அது காதுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

பக்கத்தில் நிஜமாகவே யாரோ உட்கார்ந்தார்கள். கண்ணைத் திறந்தார். மாமனார். ஒரு நாற்காலி, குடை, இரண்டு பாட்டில் தண்ணீர், சாப்பாட்டு டப்பா எல்லாம் கொண்டுவந்திருந்தார்.

"வாங்க மாமா" என்றார் லிஃப்ட்காரர் மனசார. பேசாத மனுஷர். அவர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

மாமனார் கடலைப் பார்த்தார். பின்னால் திரும்பிப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பொண்ணு சொல்லிட்டுப் போனா மாப்பிள்ளை. 'அவரைத் தனியா விடாதீங்கப்பா, கூட இருந்து பேசிக்கிட்டே இருங்க'ன்னு. எனக்கும் சந்தோஷம். முதல்ல அவ அம்மா பேசினா, அப்புறம் இவ பேசறா. எனக்கு எப்பவும் இடமே கிடைச்சதில்ல."

லிஃப்ட்காரர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"முப்பத்தஞ்சு வருஷம் பஸ்ல எவ்வளவு பார்த்திருப்பேன், ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல" என்று மாமனார் ஒரு பாட்டிலைத் திறந்து இவர் கையில் கொடுத்தார். "டெப்போவுல சேர்ந்த நாள்லேர்ந்து ஆரம்பிக்கறேன், நடுவுல எங்கயும் இறங்கிடாதீங்க."