பல்லவியில் புகுந்த இரைச்சல்

ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வுபெற்ற அன்றே ஓர் உறுதி பூண்டேன். இனி வீட்டுவேலை எதற்கும் என் கை நீளாது. காலைதோறும் வானொலியில் பழைய பாடல் கேட்பேன். பணியில் இருந்தபோதும் கை நீண்டதில்லை என்பது வேறு செய்தி.

மணமான புதிதில் வாங்கிய வானொலி அது. அந்நாளில் எங்கள் ஊர் மண்ணூரைச் சுற்றித் தொழிற்சாலை ஏது? ஏரிக்காற்றோடு பாட்டும் மிதந்து வரும். அலை சற்றே தளர்ந்தால், என் மனைவி சந்திரம்மாள் ஆன்டெனாவைப் பிடித்துக்கொள்வாள். விட்டால் பாட்டு மங்கிவிடும். முடியும்வரை அப்படியே நிற்பாள். நான் கண்மூடி இரசிப்பேன். எத்தகைய பொற்காலம்!

இப்போதோ, மொட்டைமாடியில் புது ஆன்டெனாக் கம்பி கட்டியும் பயனில்லை. பல்லவி தொடங்கியதும் ‘கர்ர்ர்’ என்று இரைச்சல். கம்பியைத் திருப்ப எழுவேன். உடனே சந்திரம்மாளின் குரல் வரும்.

"மேலதான போறீங்க? இந்த வாளியையும் எடுத்துகினு போங்க. எனுக்கு முட்டி வலிக்குது."

ஈரத்துணியை உலர்த்தி, கம்பியைத் திருப்பி இறங்கினால், பாட்டு தெளிந்திருக்கும். என் திறமையை நானே மெச்சிக்கொள்வேன். மறுநாள் மீண்டும் ‘கர்ர்ர்’.

அருகிலுள்ள ஒரகடத்து ஆலைகளை ஐயுற்றேன். பிறகு, மாடியறையில் குடியிருக்கும் பேச்சிராஜை. ஒருநாள் வாளியும் கையுமாக அவன் கதவைத் தட்டினேன்.

"தம்பி, உள்ளே என்ன கருவியை ஓட்டுகிறீர்கள்?"

"சார், நைட் ஷிப்ட் முடிச்சிட்டு இப்பம்தான் படுத்தேன். கரண்ட் போயிட்டு. ஃபேனே ஓடல, இதுல என்னத்த ஓட்டுதேன்?"

மின்சாரம் இல்லையா? கீழே ஓடினேன். பேட்டரியில் இயங்கும் என் வானொலி தேனாகப் பாடிக்கொண்டிருந்தது. அப்படியெனில், வீட்டு மின்சாரத்தில் இயங்கும் ஏதோ ஒன்றுதான் இரைகிறது. பகைவன் வீட்டுக்குள்!

மின்சாரம் திரும்பியதும் ஒவ்வொரு சுவிட்சாகச் சோதித்தேன். சாமான் அறையில், நானே பேரம் பேசி வாங்கிய மலிவு எல்.இ.டி. பல்ப். போட்டால் ‘கர்ர்ர்’. அணைத்தால் பாட்டு.

"சந்திரா! பட்டப்பகலில் இதைப் போடுவது யார்?"

"நான்தான்."

"அணைப்பது?"

"நீங்க துணியக் காயப்போட்டதும், நான்தான்."

"இது சூழ்ச்சியன்றோ?"

"இன்னா சூழ்ச்சி? நான் கூப்ட்டா எழுந்துக்கினீங்களா? இது கத்துனாதான எழுந்துக்கிறீங்க! அப்போ உங்க பாட்டுக்கு நான் கம்பியப் புடிச்சிகினு நின்னேனே, ஒரு பாட்டாவது குந்திகினு கேட்டிருப்பனா?"

வகுப்பில் எத்தனையோ பேரைப் பெஞ்சில் ஏற்றியவன், முக்காலியில் ஏறினேன். பல்பைக் கழற்றி எறிந்தேன்.

மறுநாள் காலை இரைச்சலே இல்லையாம். பாட்டு அத்தனை தெளிவாம். என் சாய்வு நாற்காலியில் அமர்ந்து கேட்ட சந்திரம்மாள் சொன்னாள். நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.