ஏ, ஆன் எனும் இருவரோடு பொருத விண்ணப்பப் படலம்

வாழ்க, அச்சகத்து மெய்ப்புத் திருத்தும் மாவீரன்! சிவப்புப் பேனாவே வேலாக, அரையடி மரக்கோலே கேடயமாக, இருபத்திரண்டு ஆண்டுகள் ஒற்றுப்பிழைக் குலத்தைக் கருவறுத்தவன். திருமண அழைப்பிதழொன்றில் மணமகனின் பெயரையே பிழையென்று திருத்தி இரு வீட்டாரையும் மலைக்க வைத்தவன்! அப்பெருந்தகை ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, ‘ஒரு பார்வை பார்த்துத் தருகிறேன்’ என்று மனைவி ஆங்கிலத்தில் எழுதிய வேலை விண்ணப்பத்தை வாங்கி, அதன்மேல் தன் திருமுழங்கையால் தேநீர்ப் பிரளயத்தை ஏவி, மூன்றே விநாடியில் மூழ்கடித்தருளினான்.

பாவத்தைக் கழுவப் புதுத்தாள் எடுத்தபோதுதான் ஆங்கிலப் பகைவர் இருவர் எதிர்ப்பட்டனர்: ‘ஏ’ (a) ஒருவன், ‘ஆன்’ (an) ஒருவன். நம் வீட்டு ‘ஒரு’வையும் ‘ஓர்’ஐயும் மேய்த்துப் பழகிய வீரன், இவர்களும் அவர்களுக்குச் சொந்தக்காரர்கள்தானே என்று மீசையை முறுக்கினான். அந்தோ! ‘ஆனஸ்ட்’ என்பான் வாயில் எழாத ‘எச்’சை முகமூடியாக அணிந்து வந்தான், ‘யூனிஃபார்ம்’ என்பாளோ உயிரெழுத்தின் பட்டுடுத்தி மெய்யெழுத்தின் குரலில் முழங்கினாள். பகைவர் இருவரில் எவனை எவர் முன்னே நிறுத்துவது?

மூன்று மெய்ப்புக் காணாத தாள் தன் மேசையைத் தாண்டலாகாது என்பது அவன் குலவிரதம். ஆகவே, சீருடை தைக்கும் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் வேலைக்கான அந்த ஐந்து வரிகள், புதனில் முதல் மெய்ப்பாகி, வியாழனில் இரண்டாம் மெய்ப்பாகி, கடைசி நாளாகிய வெள்ளி மாலை நாலரைக்குப் பதினோராம் தாளில் குற்றுயிராய்க் கிடந்தன. ஐந்து மணிக்குத் தொழிற்சாலைக் கதவு சாத்தப்படும். ஆறாண்டுகள் வீட்டு மூலையில் பிறர் ரவிக்கைக்குக் கொக்கி தைத்தவளின் கனவும் அத்தோடு சாத்தப்படும்.

வாசற்படியில் மனைவி வந்து நின்றாள். “இன்னும் முடியலையா?”

“பொறு, பெண்ணே! என் மேசையைத் தாண்டிப் பிழை போனதாகச் சரித்திரமே இல்லை!”

“தாளே போகலையேங்க, அப்புறம் பிழை எப்படிப் போகும்?”

மலைகள் நடுங்கின, கடல்கள் பின்வாங்கின, கடிகாரத்து முள் மட்டும் மரியாதையின்றி முன்னேறியது. வேல் நழுவ, கேடயம் சரிய, சிவந்த விரல்களைக் குவித்து, பிழைகளின் காலன் முதன்முறையாக ஒருவரிடம் கேட்டான்: “நீயே சொல்லும்மா. ஏ போடவா, ஆன் போடவா?”

“நீங்க அவ்வளவு அக்கறையா எழுதறதைப் பார்த்துச் சொல்ல மனசு வரலைங்க. ரெண்டும் போடாமலே ஒண்ணு எழுதி, புதன்கிழமையே நேர்ல குடுத்துட்டேன். திங்கக்கிழமை வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க.”