ஊஃபர் பெட்டியின் மேல் பருப்புத் தேங்காய்

என் டைரியில் ஒரே ஒரு பொய் இருக்கிறது. பதினெட்டு வருடமாக எழுதுகிறேன். நடந்தது நடந்த நேரத்தோடு இருக்கும், அடித்தல் திருத்தல் கிடையாது. (பால்காரர் தாமதமாக வந்தால் அதுவும் இருக்கும், எத்தனை நிமிடம் என்பதும்.) அதனால் அந்தப் பொய்யையும் அடிக்க முடியவில்லை. "காலை 9.50. பாகு பதம் தப்பியிருக்கிறது."

பாகுக்கு ஒன்றும் ஆகவில்லை. தப்பியது என் புத்திதான்.

கார் வாங்கியபோது கம்பெனியே நான்கு ஸ்பீக்கர் வைத்துக் கொடுத்திருந்தது. பாட்டு கேட்டது, வயலின் கேட்டது. மிருதங்கத்தின் இடது பக்கம், அந்தத் தொப்பி, மட்டும் அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் இருந்தது. மூன்று வாரம் ஆபீஸ் போகும் வழியெல்லாம் கேட்டு டைரியில் மார்க் போட்டேன். தொப்பிக்குப் பத்துக்கு இரண்டரை.

என் மைத்துனன் சுந்தர் கைலாசபுரம் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறான். அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடிப்பதுதான் உத்தியோகம். அவனே என் காரில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, இதற்கு மேல் என்ன வேண்டும் என்றான்.

"கார் பண்ணினவா காது இல்லாமலா பண்ணியிருப்பா, அத்திம்பேர்?"

அவனுக்குக் காது இல்லை என்று முடிவு செய்தேன்.

பாலக்கரையில் கார் ஆடியோ கடை வைத்திருந்த பாய், துபாயில் பதினோரு வருடம் இதே வேலை பார்த்தவர். என்ன பாட்டு கேட்பீர்கள் என்று விசாரித்தார். கச்சேரி என்றேன். முன் கதவு ஸ்பீக்கர் இரண்டை மட்டும் மாற்றினால் போதும், டிக்கியில் பெட்டியாக வைக்கிற, கனத்த ஒலிக்கான ஊஃபர் எல்லாம் குத்துப்பாட்டு கேட்கிறவர்களுக்கு என்று சொல்லிப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லும் கடைக்காரரை வற்புறுத்தி வாங்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். கடைசியில் அவர், "உங்க இஷ்டம் சார். ஆனா டிக்கியில இனிமே ஒரு பை கூட வைக்க முடியாது, இப்பவே சொல்லிட்டேன்" என்றார்.

பெட்டியின் மேல் வைக்கலாமே என்று நினைத்துக்கொண்டேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அடுத்த வாரம் சுந்தரின் பெண் காயத்ரிக்கு ஸ்ரீரங்கத்தில் நிச்சயதார்த்தம். என் மனைவி லலிதா முதல் நாளே தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு ஒரே ஒரு வேலை. காட்டூரில் எங்கள் தெருவிலேயே இருக்கும் ஜானகி மாமியிடம் பருப்புத் தேங்காய் ஜோடியை வாங்கிக்கொண்டு பத்து மணிக்குள் வந்து சேர வேண்டும். வெல்லப்பாகில் வேர்க்கடலையைப் போட்டுக் கூம்பாகப் பிடித்த இனிப்பு. அது தட்டில் நிமிர்ந்து நின்றால்தான் எங்கள் வீட்டு விசேஷம் விசேஷமாக இருக்கும்.

மாமி இரண்டையும் கொண்டுவந்து கொடுத்தபோது லேசாகச் சூடு இருந்தது.

"இன்னும் முழுசா இறுகலை. டிக்கில வேண்டாம். முன் சீட்ல வெச்சுண்டு, ஆட்டாம போங்கோ."

மாமி உள்ளே போனதும் ரசமட்டத்தை எடுத்தேன். (ஆமாம், காரில் ரசமட்டம் வைத்திருக்கிறேன்.) முன் சீட் பின்பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஊஃபர் பெட்டியின் மேல்பக்கமோ துல்லியமான மட்டம், குமிழி நடுவில் நின்றது. கூம்புகளை அங்கே வைத்து, நகராமல் இருக்கச் சுற்றிலும் துண்டைச் சுருட்டி அணை கட்டினேன். என்னைப் போல் யார் செய்வார்கள் என்று ஒரு நிமிடம் நின்று பார்த்தேன்.

வேகம் முப்பதுக்கு மேல் போகவில்லை. வேகத்தடைகளை எண்ணி எண்ணி ஏறி இறங்கினேன். காவிரிப் பாலத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. சும்மா நிற்பானேன் என்று ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனம் போட்டேன்.

தொப்பி கேட்டது. கேட்டது என்பதா, முதுகில் வந்து உட்கார்ந்தது. பாலம் தாண்டும்வரை சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனேன். மாம்பழச்சாலை வந்தபோது வால்யூம் முப்பத்திரண்டில் இருந்தது. அதற்கு மேல் எட்டுதான் பாக்கி. பக்கத்து ஆட்டோக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்ததை ரசனை என்று எடுத்துக்கொண்டேன்.

உத்திர வீதியில் சுந்தர் வீட்டு வாசலில் டிக்கியைத் திறந்தால் கூம்புகள் இல்லை. ஒன்று குவியலாகக் கிடந்தது. இன்னொன்று அதன்மேல் சாய்ந்து துக்கம் விசாரித்துக்கொண்டிருந்தது. பிள்ளை வீட்டார் வந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். லலிதா வாயைப் பொத்திக்கொண்டாள். காயத்ரி பட்டுப்புடவையோடு வாசல்வரை வந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

எனக்குக் காரணம் அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் சொன்னேன்.

"மாமி பாகு பதத்தைக் கோட்டை விட்டுட்டா போலிருக்கு."

சொன்னதோடு நிற்காமல், நானே நம்ப வேண்டும் என்பதற்காகக் காரில் சாய்ந்தபடி டைரியிலும் எழுதினேன். அதற்குள் லலிதா மாமிக்குப் போன் போட்டிருந்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. முப்பது வருடத்தில் தனக்குப் பதம் தப்பியதில்லை என்று மாமி சண்டை போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். மாமி சண்டை போடவில்லை.

"கை தளர்ந்து போச்சோ என்னமோ. இனிமே யாருக்கும் பண்ணித் தரலை லலிதா. குழந்தைகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு."

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன்.

லலிதா உதிர்ந்ததையெல்லாம் நெய்க் கையால் பிடித்து ஜிகினாத் தாளைச் சுற்றிவிட்டாள். கூம்பாக இல்லை, உட்கார்ந்த பூனை மாதிரி இருந்தது. பிள்ளை வீட்டு வேனுக்கு இடம் வேண்டும் என்று சுந்தர் என் சாவியை வாங்கிப்போய்க் காரைக் கிளப்பினான். டிக்கி இன்னும் திறந்தே இருந்தது.

தனி ஆவர்த்தனம் விட்ட இடத்திலிருந்து, முப்பத்திரண்டிலேயே தொடர்ந்தது.

ஊஃபர் பெட்டியின் மேல் மிச்சமிருந்த வேர்க்கடலைகள் ஒவ்வொரு தொப்பிக்கும் ஓர் அங்குலம் எழும்பி எழும்பி விழுந்தன. சத்தம் கேட்டு வாசலுக்கு வந்த பிள்ளையின் அப்பா, கடலைகளை உற்றுப் பார்த்தபடி கையில் தாளம் போட்டார். சுந்தர் இறங்கிப் பின்னால் வந்தான். உத்தியோகப் பழக்கம், அவசரப்படாமல் மிருதங்கக் கோர்வை முடியும்வரை பார்த்தான்.

"பாகு சரியாத்தான் இருந்திருக்கு, அத்திம்பேர்."

அவ்வளவுதான் சொன்னான். லலிதா போனை என் கையில் வைத்தாள். எல்லோரும் நிற்க, நான் மாமியிடம் பெட்டி, பாலம், முப்பத்திரண்டு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். பிறகு மாமி கேட்டாள்.

"நன்னா கேட்டுதா?"

இன்றும் எங்கள் வீட்டில் யார் கையிலிருந்து எது விழுந்து உடைந்தாலும் அடுத்த கேள்வி அதுதான். காயத்ரி கல்யாணத்துக்கும் மாமிதான் பருப்புத் தேங்காய் பிடித்தாள். அது சுந்தர் காரில் போனது. நான் இரண்டு கார் தள்ளி வர அனுமதிக்கப்பட்டேன்.

ஊஃபரை மறு வாரமே கழற்றிவிட்டேன். பாய் ஒரு வார்த்தை குத்திக் காட்டாமல் கம்பெனி ஸ்பீக்கர்கள் மட்டும் பாடும்படி வயரை மாற்றிக் கொடுத்தார். அது இன்னும் வலிக்கிறது.

போன மாதம் மாமியைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். முன் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "போடுங்கோ, கேப்போம்" என்றாள். அதே தனி ஆவர்த்தனத்தைப் போட்டேன், பன்னிரண்டில். மாமி கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டே வந்தாள்.

"இதுக்கு என்ன குறைச்சல்? நன்னா கேக்கறதே."

"ரொம்ப நன்னா கேக்கறது மாமி" என்றேன்.

தொப்பி கேட்கவே இல்லை.