நாற்பத்திரண்டு அமுக்கல்

1998 ஜூன் பத்தாம் தேதி, புதன்கிழமை, காலை மணி பத்து இருபது. மதுரையில் சுள்ளென்று வெயில், புழுதிக் காற்று. காது டாக்டர் வீட்டு மாடிப்படி இருபத்திரண்டையும் எண்ணிக்கொண்டே ஏறினேன். பின்னால் என் மனைவி பாக்கியம். நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஒரு தனியார் பள்ளி என்னை மறுபடி வேலைக்கு எடுக்கத் தயாராக இருந்தது. காது நன்றாகக் கேட்கிறது என்று சான்றிதழ் மட்டும் வேண்டும். (கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.)

டாக்டர் கவட்டை மாதிரி இருந்த இசைக்கவையைத் தட்டிக் காதின் பின் எலும்பில் வைத்தார், பிறகு காதுக்கு முன்னால் பிடித்தார். அது ரின்னே சோதனையாம். நெற்றி நடுவில் வைத்தால் வெபர் சோதனை. இருவரும் நூறு வருஷத்துக்கு முந்திய ஜெர்மன்காரர்கள். ஒரு கவையைத் தலையில் இடம் மாற்றி வைத்ததற்கே அழியாப் பெயரா என்று எனக்குப் பொறாமை. முப்பத்தைந்து வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்த என் பெயரில் ஒரு வாய்ப்பாடுகூட இல்லை.

அடுத்து கண்ணாடி அறை. தலையில் ஹெட்போன், கையில் பட்டன். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். ஐந்து சத்தம் கேட்டது, நான்கு விநாடிக்கு ஒன்றாக. பிறகு ஒன்றுமே இல்லை. அதனால் என்ன? ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, அமுக்கு. நாற்பத்தொன்றாவது முறை அமுக்கியபோது வெளியே மெஷின் பார்க்கும் பெண் கையை ஆட்டினாள். பாராட்டுகிறாள் என்று நினைத்து நாற்பத்திரண்டாவதையும் அமுக்கினேன்.

அவள் உள்ளே வந்து காதோரம் சொன்னாள்: "சார், மெஷினை நிப்பாட்டி ரெண்டு நிமிசமாச்சு."

முப்பது அமுக்கல் வீண் என்று மனம் உடனே கணக்குப் போட்டது.

டாக்டர் சத்தமாகவே பேசினார். "கேக்கலைன்னு பொய் சொல்றவங்களைப் பிடிக்க டெஸ்ட் இருக்கு சார், அதுக்கும் ஒருத்தர் பேருதான். கேக்குதுன்னு பொய் சொல்றவரை இன்னைக்குத்தான் பாக்குறேன். அதைப் பிடிக்கிற டெஸ்டுக்கு உங்க பேரையே வச்சிருவமா?"

"வீட்லயும் இதேதான் டாக்டர்," என்றாள் பாக்கியம். "நான் பேசப் பேச எண்ணி எண்ணித் தலையாட்டுவாக. இம்புட்டு நாளா நானும் கேக்குதுன்னே நெனச்சுட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓய்வுபெறுவதற்கு முந்திய மூன்று வருஷம் வகுப்பிலும் அப்படித்தான். பிள்ளைகள் எழுந்து விடை சொல்லி, உதடு நின்றதும் "சரி, உட்கார்" என்பேன். அவற்றில் எத்தனை தப்பு விடையோ. நான் எண்ண முடியாமல் போனது அது ஒன்றுதான்.

டாக்டரிடம் சான்றிதழ் கேட்கவில்லை. மறுநாள் பள்ளிக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். பரீட்சைத் தாள் திருத்தும் வேலை மட்டும் கொடுத்தார்கள்.

இன்றும் பாக்கியம் பேச்சின் நடுவே சத்தத்தை நிறுத்திவிட்டு உதட்டை மட்டும் அசைப்பாள். நான் தலையாட்டிவிட்டால் மகளுக்குப் போன் போகும்: "உங்கப்பா பேரு வச்ச டெஸ்ட்ல உங்கப்பாவே பெயிலு."

டாக்டர் பீஸ் நூற்றைம்பது, ஆட்டோ போகவர அறுபது, காதில் மாட்டும் மெஷின் இரண்டாயிரத்து எண்ணூறு, வீங்கிய பெருவிரலுக்குத் தைலம் பன்னிரண்டு. ஆக மூவாயிரத்து இருபத்திரண்டு ரூபாய்.